எண்ணாதீர்கள், கேளுங்கள்!

மோர்ஸ் குறியீட்டைக் கற்பவர்கள் பாதி வழியில் சிக்கிக்கொள்வது ஏன்?

மாணவர்களே, முதலாம் ஆண்டில் நீங்கள் வாசித்த விதம் நினைவிருக்கிறதா? ‘ப’, ‘ட்’, ‘ட’, ‘ம்’ என்று ஒவ்வோர் எழுத்தின் மேலும் விரல் வைத்துச் சொல்லி, பிறகு எல்லாவற்றையும் கூட்டி, ‘பட்டம்’ என்று கண்டுபிடித்து மகிழ்ந்தீர்கள். இந்தக் கட்டுரையை அப்படியா வாசிக்கிறீர்கள்? இல்லை. சொல்லின் மேல் கண் பட்டதுமே பொருள் வந்துவிடுகிறது. எழுத்துக்கூட்டும் பழக்கம் உங்களை விட்டு எந்த நாளில் போனது என்று உங்களால் சொல்ல முடியுமா?

யாராலும் சொல்ல முடியாது. ஆனால், அதே போன்ற ஒரு மாற்றத்தை வாரம் வாரம் அளந்து, வரைபடமாக வரைந்து பார்த்த ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அதற்குத் தேர்ந்தெடுத்த இடம் தந்தி அலுவலகம். அங்கே இளைஞர்கள் மோர்ஸ் குறியீட்டைக் காதால் கேட்டுத் தாளில் எழுதப் பழகிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கற்ற விதத்தில் நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது. குறிப்பாக, ‘எவ்வளவு பயிற்சி செய்தாலும் முன்னேற்றமே இல்லை, எனக்கு இது வராது’ என்று சோர்ந்திருப்பவர்களுக்கு அது மிகவும் தேவையான பாடம்.

ஒரு மாத்திரை, மூன்று மாத்திரை

முதலில் மோர்ஸ் குறியீட்டைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். ஆங்கில எழுத்துகளும் எண்களும் குறுகிய ஒலி, நீண்ட ஒலி ஆகிய இரண்டின் சேர்க்கையாக இதில் அமைகின்றன. எழுதும்போது குறுகியதைப் புள்ளி என்றும் நீண்டதைக் கோடு என்றும் குறிப்பார்கள். வாயால் சொல்லும்போது ‘டி’, ‘டா’ என்பார்கள். ‘எஸ்’ என்ற எழுத்து ‘டி டி டி’. ‘ஓ’ என்ற எழுத்து ‘டா டா டா’. ஆபத்துக் குறியான எஸ்ஓஎஸ் எப்படி ஒலிக்கும் என்று இப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

தமிழ் இலக்கணத்தில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை, உயிரளபெடைக்கு மூன்று மாத்திரை என்று படித்திருப்பீர்கள். மோர்ஸிலும் கால அளவே உயிர். புள்ளிக்கு ஓர் அலகு; கோட்டுக்கு மூன்று அலகு. ஓர் எழுத்துக்குள் ஒலிகளுக்கு இடையே ஓர் அலகு மௌனம். இரண்டு எழுத்துகளுக்கு இடையே மூன்று அலகு. இரண்டு சொற்களுக்கு இடையே ஏழு அலகு. ஒலியைப் போலவே மௌனத்துக்கும் அளவு உண்டு. மௌனத்தின் அளவு தவறினால் எழுத்தே மாறிவிடும்.

வேகத்தை ‘நிமிடத்துக்கு இத்தனை சொல்’ என்று அளப்பார்கள். ‘பாரிஸ்’ நகரின் பெயரை ஆங்கிலத்தில் அனுப்பி, சொல்லுக்குப் பின்வரும் மௌனத்தையும் சேர்த்தால் சரியாக 50 அலகு வரும். அதுவே அளவுகோல் சொல். எனவே, நிமிடத்துக்கு 20 சொல் என்றால் 1,000 அலகு. 60 விநாடியை 1,000ஆல் வகுத்தால் ஒரு புள்ளியின் நீளம் 0.06 விநாடி. நிமிடத்துக்கு 5 சொல் என்றால் அது 0.24 விநாடி. இந்த இரண்டு எண்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கண்ணிலிருந்து காதுக்கு

1844ஆம் ஆண்டு மே 24ஆம் தேதி, சாமுவேல் மோர்ஸ் அமெரிக்காவின் வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்குத் தந்தி அனுப்பிக் காட்டினார். அப்போது செய்தியைப் பெறும் கருவி காகிதச் சுருளில் புள்ளியும் கோடும் பதித்தது. அதைக் கண்ணால் பார்த்துப் படிப்பதே திட்டம்.

ஆனால், கருவி ‘டக் டக்’ என்று ஓசையும் எழுப்பியது. நாள் முழுவதும் அதன் அருகிலேயே அமர்ந்திருந்த தந்தியாளர்களுக்குக் காகிதத்தைப் பார்க்கும் முன்பே எழுத்து புரியத் தொடங்கியது. காலப்போக்கில் காகிதச் சுருளே தேவையற்றதாகி, ஓசை மட்டும் எழுப்பும் கருவி அமெரிக்கத் தந்தி அலுவலகங்களில் பரவியது. காதால் கேட்டுக் கையால் எழுதுவது ஒரு தொழிலாயிற்று.

இண்டியானாவில் வரைந்த வளைகோடு

அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் வில்லியம் லோ பிரையன் என்ற உளவியலாளர் இருந்தார். அவருடன் பணியாற்றிய நோபிள் ஹார்ட்டர் முன்பு தந்தியாளராக இருந்தவர். இருவரும் சேர்ந்து தந்தி கற்பவர்களை வாரந்தோறும் சோதித்தார்கள். ஒரு நிமிடத்தில் எத்தனை எழுத்துகளை அனுப்ப முடிகிறது, எத்தனை எழுத்துகளைக் கேட்டு எழுத முடிகிறது என்று குறித்தார்கள். முடிவுகளை 1897இலும் 1899இலும் வெளியிட்டார்கள்.

அனுப்பும் திறனின் வளைகோடு முதலில் வேகமாக ஏறியது. பிறகு மெல்ல மெல்லச் சாய்ந்து சமநிலைக்கு வந்தது. இது நாம் எதிர்பார்ப்பதுதான். கேட்டு எழுதும் திறனின் வளைகோடு அப்படி இல்லை. அது கொஞ்சம் ஏறியது; பிறகு வாரக்கணக்கில் மேசைப் பலகை போலத் தட்டையாக நின்றது. பயிற்சி தொடர்ந்தது, முன்னேற்றம் தெரியவில்லை. பின்னர் திடீரென்று மறுபடியும் ஏறத் தொடங்கியது. இந்தத் தட்டையான பகுதியைத் தேக்கநிலை என்போம்.

இதில் வருத்தம் தரும் செய்தி ஒன்று உண்டு. முதன்மைத் தந்தித் தடத்தில் வேலை கிடைக்கத் தேவைப்பட்ட வேகத்துக்குச் சற்றுக் கீழேதான் அந்தத் தேக்கநிலை அமைந்திருந்தது. இன்னும் சிறிது தூரம் போனால் வேலை கிடைக்கும் என்ற இடத்தில், மனம் உடைந்து பயிற்சியைக் கைவிட்டவர்கள் இருந்தார்கள்.

எழுத்து, சொல், வாக்கியம்

தட்டையாக நின்ற அந்த வாரங்களில் மாணவரின் மனத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது? 1899ஆம் ஆண்டு ஆய்வில் பிரையனும் ஹார்ட்டரும் ஒரு மாணவருக்கு மூன்று வகையான சோதனை வைத்தார்கள். முதலாவது, சொல்லாகச் சேராத தனி எழுத்துகள். இரண்டாவது, வாக்கியமாகச் சேராத தனிச் சொற்கள். மூன்றாவது, பொருளுள்ள தொடர் செய்தி.

தொடக்கத்தில் மூன்றிலும் வேகம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. எழுத்துக்கூட்டி வாசிக்கும் குழந்தைக்குச் சொல்லும் வாக்கியமும் எழுத்துகளின் வரிசை மட்டும்தானே? நாளடைவில் சொல்லின் வேகம் எழுத்தின் வேகத்தை முந்தியது. தொடர் செய்தியின் வேகமோ தேங்கி நின்று, பிறகு இரண்டையும் விட்டு உயரே போனது.

இதிலிருந்து அவர்கள் கண்ட விளக்கம் இதுதான். மோர்ஸைக் கேட்டு எழுதுவது ஒற்றைத் திறன் அன்று. அடுக்கடுக்கான பழக்கங்களின் கோபுரம். எழுத்தை அடையாளம் காணும் பழக்கம் அடித்தளம். சொல்லை முழுதாகக் கேட்பது அடுத்த தளம். சொற்றொடர்களை முன்கூட்டியே எதிர்பார்ப்பது அதற்கும் மேல். கீழ்த்தளம் யோசிக்காமலே நடக்கும் அளவுக்குப் பழகிவிட்டால்தான் கவனம் மேல்தளத்துக்குப் போக முடியும். தேக்கநிலை நீடிக்கும் வாரங்களில் கீழ்த்தளத்தின் சிமெண்டு காய்ந்துகொண்டிருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் கட்டடம் உயரவில்லை. உள்ளே வேலை நடக்கிறது.

தேர்ந்த தந்தியாளர்கள் செய்த ஒரு காரியம் இதை உறுதிப்படுத்தியது. கருவி ஒரு சொல்லை ஒலிக்கும்போது அவர்கள் அந்தச் சொல்லை எழுதவில்லை. ஆறு சொற்களுக்கும் மேல் பின்தங்கி, முன்னர் கேட்டதை நிதானமாக எழுதிக்கொண்டிருந்தார்கள்! ஆசிரியர் பேசப் பேச நீங்கள் குறிப்பெடுப்பதும் இப்படித்தான். ஆனால், பொருள் தொடர்பில்லாத சொற்களோ சங்கேதக் குறிகளோ வந்தால், அவர்களும் அவ்வளவு பின்தங்க முடியாமல் ஒலியை நெருங்கி எழுதவேண்டியிருந்தது. அவர்களைத் தாங்கியது மொழியின் பொருள்.

மனத்தின் சிறிய மேசை

1956இல் ஜார்ஜ் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர் இதே புதிருக்கு இன்னொரு கோணத்தில் விடை சொன்னார். ஒரே நேரத்தில் நம் மனம் கையில் வைத்திருக்கக்கூடிய பொருள்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஏழுதான் என்றார் அவர். அதைச் சிறிய மேசை என்று வைத்துக்கொள்வோம். மேசையைப் பெரிதாக்க முடியாது. ஆனால், ஏழு மணிகளுக்குப் பதிலாக ஏழு மணிமாலைகளை அதன் மேல் வைக்கலாம் அல்லவா?

மில்லர் தம் கட்டுரையில் எடுத்துக்காட்டாகக் காட்டியதே மோர்ஸ் கற்பவர்களைத்தான். புதியவருக்கு ஒவ்வொரு புள்ளியும் ஒவ்வொரு கோடும் ஒரு தனி மணி. இரண்டே எழுத்துகளில் மேசை நிரம்பிவிடும். பழகியவருக்கு ஓர் எழுத்து ஒரு மாலை. தேர்ந்தவருக்கு ஒரு சொல்லே ஒரு மாலை. அவருடைய மேசையும் நம் மேசையின் அளவுதான்; அவர் பொருள்களைத் தொகுத்து வைக்கக் கற்றுக்கொண்டார். இதைத்தான் ‘தொகுப்பாக்கம்’ என்கிறோம்.

ஒரு வியப்பான எடுத்துக்காட்டு: 1939இல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் நடந்த போட்டியில் டெட் மெக்எல்ராய் என்பவர் நிமிடத்துக்கு 75.2 சொல் வேகத்தில் வந்த மோர்ஸைக் கேட்டுத் தட்டச்சு செய்தார். அந்த வேகத்தில் ஒரு புள்ளியின் நீளம் ஏறத்தாழ 0.016 விநாடி. அதை எண்ணிக் கேட்க எந்த மனிதராலும் முடியாது. அவர் எண்ணவே இல்லை.

தேக்கநிலை கட்டாயமா?

அறிவியலில் ஒரு கண்டுபிடிப்பு வெளிவந்ததோடு கதை முடிவதில்லை. மற்றவர்கள் அதைத் திரும்பவும் சோதிக்க வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது அந்த வாய்ப்பு வந்தது. படைகளுக்கு ஏராளமான வானொலி இயக்குநர்கள் அவசரமாகத் தேவைப்பட்டார்கள். மாணவர்கள் மாதக்கணக்கில் தேங்கி நிற்பதைப் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை.

மோர்ஸ் கற்பவர்களைப் பற்றிய ஆய்வுகளை அலசி 1943இல் டொனால்ட் டெய்லர் எழுதினார். பலருடைய வளைகோட்டில் அந்தத் தட்டையான பகுதியே காணப்படவில்லை! கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஃபிரெட் கெல்லரும் அதே முடிவுக்கு வந்தார். 1958இல் அவர் எழுதிய கட்டுரையில் தேக்கநிலையைப் ‘பேய்’ என்றே கேலியாக அழைத்தார். எல்லாரும் பேசுவார்கள், தேடினால் கிடைக்காது என்ற பொருளில்.

அப்படியென்றால் பிரையனும் ஹார்ட்டரும் தவறா? அவர்கள் அளந்தவர்களிடம் தேக்கம் இருந்தது உண்மை. ஆனால், கற்கும் எல்லாரும் அதைக் கடந்தே ஆகவேண்டும் என்பது உண்மையில்லை. கற்கும் முறையைப் பொறுத்து அது வரலாம், வராமலும் போகலாம். இதுதான் நமக்கு முக்கியமான செய்தி. நீங்கள் சிக்கி நிற்கும் இடம் உங்கள் திறமையின் கூரையாக இருக்கவேண்டியதில்லை. நீங்கள் பிடித்திருக்கும் முறையின் கூரையாகவும் இருக்கலாம்.

மெதுவாகக் கற்றதே வினை

முன்பு நினைவில் வைத்த எண்களை இப்போது எடுங்கள். ‘எச்’ என்ற எழுத்து நான்கு புள்ளி. இடையே மூன்று மௌனம். மொத்தம் ஏழு அலகு. நிமிடத்துக்கு 5 சொல் வேகத்தில் அது 1.68 விநாடி நீடிக்கும். ‘ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஆகவே எச்’ என்று தாராளமாக எண்ணலாம். நிமிடத்துக்கு 20 சொல் வேகத்தில் அதே எழுத்து 0.42 விநாடியில் முடிந்துவிடும். புள்ளிகள் விநாடிக்கு எட்டுக்கும் மேல் பறக்கும். ஒரு விநாடிக்குள் எட்டுவரை எண்ணிப் பாருங்கள், தெரியும்!

எளிதாக இருக்கட்டும் என்று மெதுவான ஒலியில் தொடங்குபவர் என்ன கற்றுக்கொள்கிறார்? எண்ணக் கற்றுக்கொள்கிறார். மனத்தில் ஓர் அட்டவணையைப் பார்த்து எழுத்தைத் தேடக் கற்றுக்கொள்கிறார். நிமிடத்துக்குச் சுமார் 10 சொல் வந்ததும் பலர் சிக்கிக்கொள்வதாக அமெச்சூர் வானொலி ஆர்வலர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். காரணம் விளங்குகிறதல்லவா? அதற்கு மேல் எண்ண நேரமில்லை. அவர் பழைய பழக்கத்தை மறந்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும்.

இதைத் தவிர்க்க மூன்று வழிகள் உருவாயின.

முதல் வழி, 1930களில் ஜெர்மானிய உளவியலாளர் லுட்விக் கோக் வகுத்தது. முதல் நாளிலிருந்தே ஒலி முழு வேகத்தில் வரும். ஆனால், இரண்டே எழுத்துகள்தான். பத்தில் ஒன்பது சரியாக வந்த பிறகு மூன்றாம் எழுத்தைச் சேர்க்கலாம். இங்கே குறைக்கப்படுவது வேகமில்லை; எழுத்துகளின் எண்ணிக்கை.

இரண்டாவது, ஃபார்ன்ஸ்வர்த் முறை. ஒவ்வோர் எழுத்தும் வேகமாக ஒலிக்கும். எழுத்துகளுக்கு இடையே உள்ள மௌனம் மட்டும் நீளமாக இருக்கும். காதுக்கு முழு உருவம் கிடைக்கிறது. கைக்கு எழுத நேரமும் கிடைக்கிறது. பழகப் பழக மௌனத்தைக் குறைக்கலாம்.

மூன்றாவது, 1943இல் கெல்லர் வெளியிட்ட முறை. ஒலி வந்ததும் மாணவர் எழுத்தை எழுதுவார். சில விநாடிகளில் ஒரு குரல் சரியான விடையைச் சொல்லும். தவறு உடனுக்குடன் தெரிந்துவிடும். சோதனை முடிந்து நாள்கள் கழித்து வரும் மதிப்பெண்ணைவிட, அப்போதே கிடைக்கும் விடை கற்பதற்குப் பெரிதும் உதவும்.

மூன்று வழிகளின் கருத்தும் ஒன்றுதான்: கடைசியில் எந்த வடிவத்தில் கேட்கவேண்டுமோ அந்த வடிவத்திலேயே முதல் நாளும் கேளுங்கள். மிருதங்கமோ உறுமியோ கற்றவர்களுக்கு இது புதிதில்லை. ‘தகதிமி’ என்று ஆசிரியர் சொல்லும்போது நான்கு அடி என்று யாரும் எண்ணுவதில்லை. ‘தகதிமி’ என்ற ஒரே உருவமாகக் கேட்கிறோம்.

செய்து பாருங்கள்

தேவை: ஒரு நண்பர், ஒரு விசில் அல்லது உங்கள் குரல், ஒரு நோட்டுப் புத்தகம். மேசையில் தட்டினால் குறுகிய ஒலிக்கும் நீண்ட ஒலிக்கும் வேறுபாடு தெரியாது. ஆகவே, தட்ட வேண்டாம்.

1. ‘கே’, ‘எம்’ ஆகிய இரண்டு எழுத்துகளை எடுத்துக்கொள்ளுங்கள். ‘கே’ என்பது ‘டா டி டா’. ‘எம்’ என்பது ‘டா டா’. புள்ளியும் கோடும் தாளில் வரைந்து பார்க்காதீர்கள். ஒலியாக மட்டும் கேளுங்கள்.
2. நண்பர் இரண்டையும் மாற்றி மாற்றி, விரைவாக 20 முறை ஒலிக்கட்டும். நீங்கள் ஒவ்வொன்றாக எழுதுங்கள். எழுதியதும் அவர் சரியான விடையைச் சொல்லட்டும்.
3. 20இல் 18 சரியாக வந்தால் மறுநாள் ‘ஆர்’ என்ற எழுத்தைச் சேருங்கள்: ‘டி டா டி’.
4. நாளுக்குப் பத்து நிமிடம் போதும். ஒரே நாளில் ஒரு மணி நேரம் உட்காருவதைவிட ஆறு நாள்களுக்குப் பிரித்துச் செய்வது நல்லது.
5. கிடைமட்ட அச்சில் நாளையும் செங்குத்து அச்சில் சரியான விடைகளின் விழுக்காட்டையும் குறித்து வரைபடம் வரையுங்கள். மூன்று வாரத்தில் உங்கள் கற்றல் வளைகோடு உங்கள் கையில் இருக்கும். புதிய எழுத்தைச் சேர்த்த நாள்களில் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள்.

சாரணர் இயக்கத்தில் இருப்பவர்கள் இதைக் குழுவாகச் செய்யலாம். கப்பல்களின் ஆபத்து அழைப்புக்கு மோர்ஸ் 1999இலேயே கட்டாயமில்லாமல் போய்விட்டது. ஆனாலும், உலகெங்கும் அமெச்சூர் வானொலி ஆர்வலர்கள் இன்றும் அதில் உரையாடுகிறார்கள். மலேசிய நிலையங்கள் பலவற்றின் அழைப்புப் பெயர் ‘9எம்’ என்று தொடங்கும், சிங்கப்பூருக்கு ‘9வி’.

உங்கள் மேசைக்கு வருவோம்

பிரையனும் ஹார்ட்டரும் கவனித்த இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். ஆண்டுக்கணக்கில் ஒரே வேகத்தில் வேலை பார்த்த தந்தியாளர்கள் இருந்தார்கள். நாள்தோறும் மணிக்கணக்கில் மோர்ஸ் கேட்டும் அவர்களுடைய வேகம் கூடவில்லை. அதே ஆள்கள், கூடுதல் திறன் கேட்கும் வேலையைப் பெறவும் அதில் நிலைக்கவும் வேண்டிய கட்டாயம் வந்தபோது, முன்பைவிட வெகு உயரத்துக்குப் போனார்கள். செய்ததையே செய்துகொண்டிருப்பது வேறு. எட்டாத இடத்தை எட்ட முயல்வது வேறு.

மாணவர்களே, உங்கள் கணிதப் பயிற்சியில், மலாய்க் கட்டுரையில், விசைப்பலகை வாசிப்பில் என்றாவது வளைகோடு தட்டையாக நிற்கும். அன்று ‘எனக்கு வராது’ என்ற தீர்ப்பை எழுதும் முன் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். ‘அடித்தளம் யோசிக்காமல் வரும் அளவுக்குப் பழகிவிட்டதா?’ வாய்பாட்டிலேயே தடுமாறுபவரின் மேசையில் இயற்கணிதத்துக்கு இடமிருக்காது. பழகவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் பொறுமை தேவை. பழகிவிட்டது என்றால், ‘நான் இன்னும் புள்ளிகளை எண்ணிக்கொண்டிருக்கிறேனா?’ அப்படியானால் மாற்ற வேண்டியது முறை.

பால்டிமோரிலும் இண்டியானாவிலும் கருவிக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்த அந்த இளைஞர்களுக்கு இதை எடுத்துச் சொல்ல அன்று யாரும் இல்லை. உங்களுக்குத் தெரிந்துவிட்டது.

சிந்தித்துப் பாருங்கள்

1. நிமிடத்துக்கு 12 சொல் வேகத்தில் ஒரு புள்ளியின் நீளம் எவ்வளவு? அந்த வேகத்தில் ‘கே’ என்ற எழுத்து எத்தனை விநாடி நீடிக்கும்?
2. பொருளற்ற எழுத்துகளைவிடப் பொருளுள்ள செய்தியைத் தேர்ந்தவர்கள் வேகமாக எழுத முடிவது ஏன்?
3. நீங்கள் ‘எழுத்துக்கூட்டி’ச் செய்துகொண்டிருக்கும் ஒரு செயலைக் கூறுங்கள். அதில் எவற்றைத் தொகுப்பாக்கலாம்?

(முதல் கேள்வியின் விடை: 0.1 விநாடி, 0.9 விநாடி. ‘கே’ ஒன்பது அலகு என்று நீங்களும் கண்டிருந்தால் கணக்குச் சரி.)